ஒரே நொடியில் இரண்டு வருகை

பிப்ரவரி 24, திங்கள் – 611
பிப்ரவரி 25, செவ்வாய் – 598
பிப்ரவரி 26, புதன் – 604
பிப்ரவரி 27, வியாழன் – 590
பிப்ரவரி 28, வெள்ளி – 607
மார்ச் 1, சனி – 593
மார்ச் 2, ஞாயிறு – 615
மார்ச் 3, திங்கள் – 1,218
மார்ச் 4, செவ்வாய் – 1,206
மார்ச் 5, புதன் – 1,184
மார்ச் 6, வியாழன் – 1,230

ஒரு நாளிதழின் இணையதளத்தில், மொட்டை மாடித் தொட்டிகளில் செடி வளர்ப்பது பற்றி வந்துகொண்டிருந்த பத்திக்கு அந்தந்த நாளில் விழுந்த வருகைகள் இவை. மார்ச் 2க்கும் 3க்கும் நடுவில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கச் சல்லடைக்குத் தொண்ணூற்று நான்கு நாட்கள் பிடித்தன. அதற்குள் ஒரு மனிதரின் பெயர் கெட்டுப்போயிருந்தது.

சல்லடை என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவள் அங்கே சேர்ந்தபோது, விற்காமல் திரும்பி வரும் பேப்பர் கட்டுகளை எண்ணுவதுதான் வேலை. கட்டுக்கு ஐம்பது என்று மேலே சீட்டு ஒட்டியிருக்கும். மற்றவர்கள் சீட்டுகளை எண்ணினார்கள். அவள் கட்டைப் பிரித்துப் பேப்பரை எண்ணினாள். மூன்றாம் நாள் ஒரு கட்டில் நாற்பத்தேழு இருந்தது. அன்று ஒட்டிய பெயர் பிறகு உரியவே இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். குளியலறைச் சோப்பு எத்தனை நாளில் தேயும் என்பது அவளுக்குத் தெரியும்; இரண்டு நாள் முந்தித் தேய்ந்தால் யாரோ துணி துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "என் கடைக்கு வர்றவங்க, இருக்கிறது தெரியலைன்னு வர்றாங்க. நீ வந்தா நான் என்ன கண்ணாடி கொடுக்கிறது? உனக்கு இல்லாததும்ல தெரியுது!" என்பார். "இல்லாததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்பாள்.

பேப்பர் கட்டுகள் குறைந்து இணையதளம் வளர்ந்தபோது, முப்பத்தெட்டாவது வயதில் அவள் குவெரி எழுதக் கற்றுக்கொண்டாள். தளத்துக்குள் யார் நுழைந்தாலும் தரவுத்தளத்தில் ஒரு வரி விழும்: எந்த நாள், எந்த நொடி, எந்தப் பக்கம், வந்தவருக்குத் தளம் கொடுத்த எண். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரிக்குக் குறையாது. அதை உட்கார்ந்து வாசிக்க யாராலும் முடியாது. கேள்வியாக எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பெயர்தான் குவெரி. கேட்டதற்கு மட்டும் பதில் வரும்.

"மனுஷங்களுக்கு இது எவ்வளவோ மேல்" என்று கணவரிடம் சொன்னாள். "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாது. சுத்தி வளைக்காது."

"யாரைச் சொல்றே?"

"தெரிஞ்சுக்கிட்டே கேட்காதீங்க."

தினமும் காலை 9.10க்கு முந்தின நாள் அறிக்கையை எடுப்பாள். ஒவ்வொரு பத்திக்கும் எத்தனை வருகை என்று ஒரே பக்கத்தில் அச்சடித்து, தேதி போட்டு, கோப்பில் குத்திவைப்பாள். அந்த வருடம் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்திருந்தது. மார்ச் மாதத்தின் தினசரிச் சராசரி அறுநூறுக்குக் கீழே போகும் பத்திகள் நிறுத்தப்படும். தொட்டிச் செடிப் பத்தி பிப்ரவரி முழுவதும் அறுநூறின் விளிம்பில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதனால்தான் மார்ச் 4 காலை 1,218 என்ற எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

பத்தியை எழுதியவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். அலுவலகத்தில் அவரைத் தொட்டிக்காரர் என்பார்கள். வாரம் ஒரு தடவை, திங்கட்கிழமை, புதிய கட்டுரை வரும். மற்றபடி ஆளைப் பார்ப்பதே அபூர்வம்.

மூன்று நாள் பொறுத்தாள். எண்ணிக்கை இறங்கவில்லை. மார்ச் 7 அன்று, மொத்தத்தை மட்டும் கேட்காமல், ஒவ்வொரு வருகையையும் தனித்தனியாகப் பட்டியலிடும்படி அறிக்கையின் குவெரியை மாற்றினாள். திரையில் வரிகள் இறங்கின. முந்தின நாள் காலை 7 மணி 14 நிமிடம் 9 நொடிக்கு ஒருவர் தக்காளிச் செடிப் பக்கத்தைத் திறந்திருந்தார். அடுத்த வரியிலும் அதே ஆள், அதே பக்கம், அதே 9ஆம் நொடி. அதற்குக் கீழே வேறு ஒருவர், அவரும் இரண்டு தடவை. பக்கம் பக்கமாக நகர்த்தினாள். எல்லாமே ஜோடி ஜோடியாக.

எந்த மனிதக் கை ஒரே நொடியில் ஒரே பக்கத்தை இரண்டு தடவை திறக்கும்? ஏதோ ஒரு இயந்திரம் ஒவ்வொரு வாசகனுக்கும் ஒரு நிழலை அனுப்புகிறது. தொட்டிக்காரர் முப்பது வருடம் இயந்திரத்தோடு புழங்கியவர். விளிம்பில் நிற்பவரும் அவரே. அவளுக்கு வேறு என்ன வேண்டும்?

இருந்தாலும் ஒழுங்கு தவறக்கூடாது என்று, கட்டுரைகளைத் தளத்தில் ஏற்றும் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் எப்போதும் ஒரு காதில் பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்பவள்.

"தொட்டிப் பக்கத்துல ஏதாவது மாத்தினியாம்மா?"

"இல்லையே அக்கா. ஒரு எழுத்துகூடத் தொடலை. ஏன், தப்பு இருக்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

"நீங்க சும்மா கேட்க மாட்டீங்களே" என்று அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் சல்லடை குறித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 1 அன்று அவள் கொடுத்த அறிக்கையில் தொட்டிச் செடிப் பத்தியின் எதிரே இரண்டு சொற்கள் இருந்தன: போலி வருகை. மறுநாள் நாளிதழின் ஆசிரியர் தொட்டிக்காரரை வரச்சொன்னார். கண்ணாடித் தடுப்பு போட்ட அறை. மேசையின் ஒரு பக்கம் ஆசிரியர், பக்கவாட்டில் காகிதக் கட்டோடு சல்லடை. தொட்டிக்காரர் சட்டைப் பையில் ஒரு சின்னத் திருப்புளியோடு வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை போலிருக்கிறது.

காகிதங்களை அவர் முன் தள்ளினாள். அவர் முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

"நீங்க இருக்கீங்கன்னு சொல்லலை. உங்க பத்திக்கு மட்டும் இப்படி நடக்குதுன்னு சொல்றேன்."

"நான் போன்ல ஒத்தை விரலால தட்டுறவன். பேரப்பிள்ளைங்க கேலி பண்ணுது."

"யாரையாவது வெச்சுப் பண்ணலாம் இல்லையா?"

அவர் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம் கேட்கிறேன்" என்றார் தொட்டிக்காரர். "லிஃப்ட்ல ஒருத்தர் ஏறி ஒரு பட்டனை அழுத்துறார். ரெண்டு மாடியில விளக்கு எரியுது. நீங்க ஏறின ஆளைப் பிடிப்பீங்களா, வயரைப் பார்ப்பீங்களா?"

"இது லிஃப்ட் இல்லை சார்."

"அது தெரியுது. லிஃப்ட்டா இருந்தா நான் திறந்து பார்த்திருப்பேன். இதை நீங்கதான் திறக்கணும்."

நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று சல்லடை நினைத்தாள். குற்றம் செய்யாதவனுக்கு இவ்வளவு கோவையாகப் பேச வருமா?

ஏப்ரல் 7 முதல் பத்தி நின்றது. அவருடைய பழைய கட்டுரைகள் மட்டும் தளத்தில் கிடந்தன. தொட்டிக்காரர் வேறு ஒரு வார இதழுக்கு எழுதக் கேட்டாராம். அங்கிருந்து இங்கே விசாரித்தார்களாம். "எண்ணிக்கையில ஏதோ குளறுபடி" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கட்டுரை ஏற்றும் பெண்தான் இதைச் சொன்னாள், ஒரு காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு. "பாவம் அக்கா அவரு" என்றாள்.

சல்லடைக்கு உள்ளே ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. பத்தி நின்ற பிறகும் பழைய கட்டுரைகளுக்கு வருகை இரட்டையாகவே விழுந்தது. இனி அவருக்கு இதனால் என்ன லாபம்? சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"நிறுத்தினா மாட்டிக்குவோம்னு நிறுத்தாம விட்டிருக்கார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்க."

"நிறுத்தியிருந்தா?"

"பயந்துட்டார்னு அர்த்தம்."

"ஆக, அந்த மனுஷன் எது பண்ணாலும் உன்கிட்ட தப்பிக்க வழியில்லை" என்றார் கணவர். "நல்ல வேளை, நான் பத்தி எழுதலை."

ஏப்ரல் 21 அன்று தையல் பத்தி இரட்டிப்பானது. மே 12 அன்று சிறுவர் விடுகதைப் பகுதி. விடுகதை எழுதியவர் எழுபத்தொரு வயது ஓய்வு பெற்ற ஆசிரியை. சல்லடை ஒரு தனிக் கோப்பு தொடங்கி, மூவருக்கும் என்ன உறவு என்று தேட ஆரம்பித்தாள். தையல்காரரும் லிஃப்ட்காரரும் ஒரே தெருவில் இருந்தவர்களா? ஆசிரியையிடம் யார் படித்தார்கள்? மதிய இடைவேளையில் அலுவலகம் முழுவதையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வந்தால் பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் ஒரு சாட்சியாகவே அவளுக்குப் பட்டது.

ஜூன் 5, வியாழக்கிழமை. ஆசிரியர் ஜனவரியிலிருந்து தினசரி எண்ணிக்கையை ஒரே அட்டவணையாகக் கேட்டிருந்தார். கோப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்வதை விட, அதே குவெரியைப் பழைய தேதிகளுக்கு ஓடவிடுவது சுலபம். ஓடவிட்டாள். தட்டச்சுப் பிழை போல ஒரு எண் கண்ணில் பட்டது.

பிப்ரவரி 24 – 1,222.

கோப்பை எடுத்தாள். பிப்ரவரி 25 காலை அவளே அச்சடித்து, அவளே தேதி போட்ட தாள். 611 என்றுதான் இருந்தது. அடுத்த நாள் 598, திரையில் 1,196. முடிந்துபோன பிப்ரவரி, நடந்து மூன்று மாதம் கழித்து இரண்டு மடங்காகியிருந்தது.

யாரோ தரவுத்தளத்துக்குள்ளேயே நுழைந்து பழைய நாட்களில் வரிகளைச் செருகியிருக்கிறார்கள்! எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். செருகிய வரிகளைப் பிடிக்க வேண்டும் என்று, வேறு எதோடும் சேர்க்காமல், வருகை அட்டவணையை மட்டும் தனியாகக் கேட்டாள்: பிப்ரவரி 24, தொட்டிச் செடிப் பக்கங்கள், எத்தனை வரி?

611.

இன்னொரு தடவை கேட்டாள். 611. மார்ச் 3? 609. மார்ச் 6 காலை 7.14.09க்குத் தக்காளிப் பக்கத்தைத் திறந்த வாசகர்? ஒரே ஒரு வரி.

எவரும் எதையும் செருகவில்லை. அப்படியானால் இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது? அறையில் மிச்சம் இருந்தது அவளும் அவளுடைய குவெரியும்தான்.

விளம்பரப் பக்கங்களை ஒதுக்குவதற்காக, அவளுடைய குவெரி வருகை அட்டவணையைப் பிரிவு அட்டவணையோடு சேர்த்துப் பார்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. எந்தப் பக்கம் எந்தப் பிரிவு என்று அதில் ஒரு வரி இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு பிரிவு இருந்தவரை எல்லாம் சரி. ஒரு பக்கம் இரண்டு பிரிவில் இருந்தால், ஒவ்வொரு வருகையும் இரண்டோடும் ஒட்டிக்கொண்டு இரண்டு வரியாகும். பிரிவு அட்டவணையைத் திறந்தாள். தொட்டிச் செடிக் கட்டுரைகள் அத்தனையும் 'தோட்டம்', 'வீடு' என இரண்டு பிரிவிலும் இருந்தன. இரண்டாவது சேர்க்கப்பட்டது மார்ச் 3, பகல் 11.40க்கு. அதற்குப் பிறகு எந்தத் தேதியைக் கேட்டாலும், பழைய பிப்ரவரியாக இருந்தாலும், விடை இரட்டைதான்.

கட்டுரை ஏற்றும் பெண் கூப்பிட்டதும் வந்தாள்.

"ஆமா அக்கா, நான்தான் போட்டேன். வீட்டுப் பிரிவு காலியாக் கிடக்குன்னு சொன்னாங்க. அப்புறம் தையல், விடுகதை எல்லாம் போட்டேன்."

"ஒண்ணும் மாத்தலைன்னு சொன்னியே?"

"பக்கத்துல மாத்தினியான்னு கேட்டீங்க. பக்கத்துல ஒண்ணும் மாத்தலையே. பிரிவுலதான் சேர்த்தேன்." பெண்ணின் முகம் வெளிறியது. "ஏன் அக்கா, என்னால ஏதாவது ஆயிடுச்சா?"

"உன்னால இல்லை" என்றாள் சல்லடை. பத்தொன்பது வருடத்தில் அவள் யாரையும் இப்படி விடுவித்ததில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"சரி, திருத்திட்டீங்க இல்ல? விட்டுத்தள்ளுங்க."

"அவர் பேரு?"

"நாம வெளியில எதுவும் சொல்லலையே. அவரும் சும்மாதான் இருக்கார். எப்படியும் கணக்கைப் பாதியாக்கினா அறுநூறுக்குக் கீழதான் போயிருக்கும். போக வேண்டியவர்தான் போனார்."

"ஆள் வரலைன்னு போறது வேற சார். திருடன்னு போறது வேற."

"இப்ப இதைக் கிளறினா உங்க பேருதான் போகும். யோசிச்சீங்களா?"

"நேத்து பூரா அதைத்தான் யோசிச்சேன்" என்றாள். "நான் எழுதின ரெண்டு வார்த்தை. நான்தான் அடிக்கணும்."

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "மார்ச் சராசரியைச் சரியா எடுங்க. அறுநூறு தாண்டினா பத்தி திரும்ப வரட்டும். தாண்டலைன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

ஜூன் 9 அன்று மூன்று வெவ்வேறு விதமாகக் குவெரி எழுதி எடுத்தாள். மூன்றிலும் ஒரே விடை. மார்ச் மொத்தம் 18,641. சராசரி 601.3.

தொட்டிக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஜூன் 11 அன்று அவள் கையால் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தாள்: தவறு என்னுடைய குவெரியில், அறிக்கையில் அந்த இரண்டு சொற்களை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது, உங்கள் பத்தி திரும்ப வர வேண்டும்.

பதில் ஜூன் 20 அன்று வந்தது. நாலே வரி. "திடீரென்று இவ்வளவு நல்ல மனது எங்கிருந்து வந்தது? யார் எழுதச் சொன்னார்கள்? எதில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறீர்கள்? அந்தக் குவெரியை அனுப்புங்கள், பார்க்கிறேன்."

கணவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குன்னே செஞ்சு வெச்ச ஆள் மாதிரி இருக்கே!"

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. அன்றே குவெரியை வரிவரியாகப் படி எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது என்ன செய்கிறது என்று எழுதி அனுப்பினாள். தப்பான வரியைச் சுற்றிச் சிவப்பு மையால் கட்டம் போட்டாள்.

ஜூலை 3 அன்று இரண்டாவது கடிதம். இது நீளம். "பத்து சீட்டு கிழித்து வருகை என்று வைத்துக்கொண்டேன். பிரிவுக்கு இரண்டு சீட்டு. நீங்கள் எழுதியபடியே சேர்த்துப் பார்த்தேன். பத்து இருபதாகிவிட்டது. இதைப் பார்த்தால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்திருக்கும். உங்கள் விளக்கத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. மார்ச்சில் என் பக்கங்களை நானே 41 தடவை திறந்து பார்த்திருக்கிறேன். என் மனைவி, நான் சொல்லாமலேயே, 12 தடவை. அவளுக்கும் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. இந்த 53ஐயும் கழித்தால் 18,588. சராசரி 599.6. பத்தி வராது. வராவிட்டால் பரவாயில்லை. இனி எவரும் என் எண்ணிக்கையில் கை வைத்துச் சொல்லும்படி எதுவும் இருக்கக்கூடாது."

கடிதத்தை மடிக்கும் முன்பே அவள் கை விசைப்பலகைக்குப் போயிருந்தது. பத்தி எழுதுகிறவர்கள் தங்கள் பெயரில் உள்ளே நுழைவதால் அவர்களை அடையாளம் காணலாம். தொட்டிக்காரர், மார்ச்: 41. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. இவ்வளவு சரியாக இருப்பதே அவளுக்கு உறுத்தியது. வேறு வழியில் கேட்டாள். 41.

அப்புறம், அதே கேள்வியை மற்ற எல்லாருக்கும் கேட்டாள். தையல் பத்தி எழுதியவர் தன் பக்கங்களை 188 தடவை திறந்திருந்தார். சமையல் பத்தி எழுதுகிற அம்மாள் 410 தடவை. வாரம் ஒரு தலையங்கம் எழுதும் ஆசிரியர் 233 தடவை. இதெல்லாம் எந்தக் கணக்கிலும் கழிக்கப்பட்டதில்லை.

பட்டியலை ஆசிரியரின் மேசையில் வைத்தாள். அவர் கண் தன்னுடைய 233இல் வந்து நின்றது.

"இது வெளியில போகுமா?"

"போகாது சார். அவருக்கு மட்டும் கழிக்கணும்னா எல்லாருக்கும் கழிக்கணும். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"கழிக்க வேண்டாம்" என்றார் ஆசிரியர், கொஞ்சம் அவசரமாக. "எழுதிப் போடுங்க அவருக்கு."

ஜூலை 7 அன்று எழுதினாள். மற்றவர்களின் பெயரைச் சொல்லவில்லை. எண்களை மட்டும் ஏறுவரிசையில் எழுதினாள். மொத்தம் பதினான்கு எண்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றிலும் சிறியதாக, 41. கீழே ஒரு வாக்கியம்: "உங்களுக்கு மட்டும் கழித்தால் அது நான் செய்யும் இரண்டாவது தவறு, 601.3 நிற்கிறது."

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. அவர் நம்பவில்லை என்று நினைத்தாள். பிறகு, தபால் தொலைந்திருக்கும் என்று. பிறகு, ஆசிரியர் யாரிடமோ சொல்லி நிறுத்திவிட்டார் என்று. தபால் பிரிக்கும் இடத்துக்கு நாலு தடவை போய் வந்தாள்.

உறை வந்தபோது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிழித்தாள். உள்ளே இரண்டு தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. புதினாத் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் எப்படி அழுகும், அடியில் எத்தனை துளை, எந்த அளவில் போட வேண்டும் என்பது பற்றி. மேல் மூலையில் "திங்கட்கிழமைக்கு" என்று இருந்தது. அதன் கீழே, சிறிய எழுத்தில்: "ஒரே ஒரு பிரிவில் போடவும்." அவளுக்கென்று வேறு ஒரு வார்த்தையும் இல்லை. தாளைத் திருப்பி இன்னொரு தடவை தேடினாள். இல்லை.

உறையின் பின்புறத்தில் வந்த நாளைக் குறித்து, கோப்பில் குத்தினாள்: ஜூலை 16, புதன், காலை 11.20.